மூன்றாவது ஸ்லைடு

ஜெரி,

இன்று காலையிலிருந்து உனக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். நான்கு முறையும் "சாப்ட்டியாடா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான்காவது முறை நீ சிரித்துவிட்டாய். "மணி பதினொண்ணுதாம்மா ஆவுது, எத்தினி வாட்டிதான் சாப்புடுறது" என்றாய். நான் கேட்க நினைத்தது சாப்பாட்டைப் பற்றி இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். காய்ச்சல் என்று பொய் சொல்லி லேபுக்கு லீவு போட்டிருக்கிறேன். நாளைக்குள் சென்னையில் விசாவுக்காக நீ தங்கியிருக்கும் உன் நண்பன் அறைக்கு வந்து சேர்ந்துவிடும் என்று கூரியர் கடைக்காரர் சொல்கிறார். முதலில் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு படி. திங்கட்கிழமை ஜெர்மனிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாயே அந்தக் கட்டுரை, அதை அனுப்பாதே. நீ புது இனம் என்று எழுதியிருக்கும் அந்தக் கடற்பஞ்சு அப்படி ஒரு பிராணியே இல்லை. பெட்டியில் இருக்கும் மூன்றாவது ஸ்லைடு மற்ற இரண்டும் அறுத்த கல்லிலிருந்து அறுத்தது இல்லை. மாற்றி வைத்தது நான்.

எழுதிவிட்டேன். எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனி வரிசையாகச் சொல்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனால்தான் நடுவில் புகுந்து ஒரு சாக்குச் சொல்ல எனக்கு இடம் இருக்காது.

நீ பிளஸ் டூ முடித்த வருஷம் அது, இரண்டாயிரத்து ஆறு. நான் சிதம்பரத்தில் அந்தக் காலேஜின் நிலவியல் லேபில் கல் அறுக்கும் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இன்னும் தற்காலிகம்தான். மங்கலம்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லையில் கிணறு வெட்டிக் குவித்த கல்லைப் பேராசிரியர் இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரெல்லாம் கடலடியில் கிடந்ததாம். கடற்பஞ்சுகள் அப்படியே கல்லாகிப் போயிருந்தன. பார்த்தால் எல்லாம் அழுக்கு மஞ்சளில் உருண்டையான கல்தான், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே எலும்புபோல இருக்கும் நுண்ணிய முட்களைப் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். சில கல்லை ஆசிட்டில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து முள் மட்டும் தனியே மிஞ்சும். இந்தச் சாக்குக் கல்லில் முள்ளே சுண்ணாம்பாக மாறியிருந்தது, ஆசிட்டில் போட்டால் எல்லாம் சேர்ந்து நுரைத்துப் போய்விடும். ஆகவே அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பதினேழாம் எண் கல் கையளவு, கிண்ணம்போல் நடுவில் குழிந்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மேல்தோலை ஒட்டி ஒன்று என்று மூன்று ஸ்லைடு வேண்டும் என்றார் சார். மேல்தோல் சிதையாமல் இருந்தது ஒரு பக்கத்தில் மட்டும்தான், அதையும் பத்திரமாகச் சீவி எடுத்தேன். முதல் இரண்டும் எவ்வளவு அழகாக வந்தன என்று உனக்கே தெரியும். சதுரம் சதுரமாக வலை, வலையின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்ன லாந்தர்க் கூடு. டிசம்பரில் நம் செம்மண்டலம் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குமே, அதை வரிசை வரிசையாகக் கட்டி விட்டதுபோல இருந்தது. லேபில் வேறு யாரும் இல்லை. நான் மட்டும் அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். என் வேலையின் மேல் எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான். அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உன்னிடம் சொன்னதெல்லாம் வேறு.

என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து நின்று, "நான் கவுன்சிலிங் போவலம்மா, பி.எஸ்சி. ஜியாலஜி சேரப் போறேன்" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நான் ஒருத்தி கல்லு தேய்ச்சி ரேகை அழிஞ்சி நிக்கிறது பத்தலையா, நீயும் தேய்க்கணுமா" என்று ஆரம்பித்தேன். உன் அப்பா கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டே, "வுடு, பையன் கல்லத்தான கேக்குறான், கஞ்சாவா கேட்டான்" என்றார். அதில் இன்னும் ஏறிவிட்டது. உன் படிப்பு, உன் சோம்பல், உன் நண்பர்கள் என்று ஒன்றுவிடாமல் இழுத்தேன். நீ "போதும்மா" என்றாய். நான் நிறுத்தவில்லை. மறுபடி "போதும்மா" என்றாய். மூன்றாவது முறை சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதற்குப் பிறகும் ஒன்று சொன்னேன். உன்னைப் பெற்றதற்கு இந்தக் கல்லையே பெற்றிருக்கலாம் என்று. அதை இங்கே எழுதக்கூடக் கை கூசுகிறது. ஆனால் நீ அதைக் கேட்டவன், நான் எழுதாமல் விட்டால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வரைக்கும் பஸ்ஸில் உதடு அசையத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நான் செபம் சொல்வதாக நினைத்து நகர்ந்து இடம் விட்டாள். சொன்னால் சிரிப்பாய், நான் தேய்ப்பதே செபத்தை வைத்துத்தான். கல் தேய்க்கும் பொடிகளில் கடைசி, அந்த மாவு போன்ற பொடியில் தண்ணீர் விட்டுக் கண்ணாடிப் பலகையில் தேய்க்கும்போது கடிகாரம் பார்க்க முடியாது, கையெல்லாம் சேறு. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லுவேன், கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மறுபடி மூன்று, மறுபடி பார்ப்பேன். கல் முடியைவிட மெல்லிசாகிற கட்டத்தில் ஒரு செபம் கூடினாலும் போச்சு, வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். இப்படிக் கணக்கு வைப்பதை லேபில் யாருக்கும் சொன்னதில்லை. அந்த ஐந்து வருஷத்தில் ஒரு ஸ்லைடு கூட என் கையில் வீணானதில்லை.

அன்றைக்கு மேல்தோல் ஸ்லைடு. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பேன், பாதியில் அது நீயாகிவிடும். "இவன் என்னா பெரிய விஞ்ஞானியா" என்று வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். எத்தனையாவது என்று தெரியாது. கை மட்டும் நிற்காமல் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. நினைவு வந்து எடுத்துக் கழுவிப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, அதன் வழியாக என் விரல்தான் தெரிந்தது. ஏழு கோடி வருஷம் தாங்கிய தோல் அது. நம் வீட்டுச் சண்டை ஒரு காலைப் பொழுதில் அதை முடித்துவிட்டது.

ஜெரி, அந்த நிமிஷம் போய், "சார், ஓவரா தேய்ச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். இப்போது அப்படித் தெரிகிறது. அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை இரண்டு ஸ்லைடு உடைத்தார் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சார் எழுதிக் கொடுத்து மாசம்கூட ஆகவில்லை. சாக்கில் கையை விட்டேன். அதே நிறம், அதே உருண்டை, நம்பர் போடாத ஒரு கல் கிடைத்தது. அதன் தோலைச் சீவி ஒட்டி, ஒழுங்காகச் செபம் சொல்லித் தேய்த்து, பதினேழு என்று எழுதி வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இதில் லாந்தர் இல்லை, வலையும் இல்லை. இஞ்சிக் கிழங்குபோல முடிச்சும் கிளையுமாக முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. இது வேறு குடும்பம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் பெட்டியை மூடினேன். பேராசிரியர் ஒரு பார்வை பார்த்து, நோட்டில் ஏதோ ஒரு வரி எழுதி, அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். மறு வருஷம் அவர் ஓய்வு பெற்றார். நான் நிரந்தரமானேன்.

இதோடு விடவில்லை. பதினேழாம் எண்ணின் மிச்சக் கல் ஸ்டோரில் இருந்தால் என்றைக்காவது ஒருவர் ஒத்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். போன வருஷம் நீ கேட்டாயே, "பதினேழோட மிச்சம் எங்கம்மா போச்சி, ஸ்டோருல காணுமே" என்று. பழைய ஸ்டோரை இடித்தபோது போயிருக்கும் என்று சொன்னேன். தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டே சொன்னேன். அது உன் தலைக்கு நேர் மேலே பரணில், ஸ்டார் வைக்கிற பெட்டிக்குள் பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

மனசு கேட்காமல் தவக்காலத்தில் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதருக்குப் புரியவில்லை. "கல்லு மாறிப்போச்சா? யாருக்காவது அடிபட்டுதாம்மா?" என்று கேட்டார். இல்லை ஃபாதர் என்றேன். "அப்புறம் ஏன் இப்பிடி அழுவுறீங்க. போயி மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க, ஆண்டவரு மன்னிப்பாரு" என்றார். அவர் மேல் தப்பில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே என்றால் எனக்கு என்ன கணக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும். முழங்காலில் நின்று மூன்று சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னை அறியாமல் கை வெளிச்சத்துக்கு உயர்ந்தது. கையில் ஒன்றும் இல்லை.

நீ என் பேச்சைக் கேட்காமல் ஜியாலஜியே படித்தாய். எம்.எஸ்சி.யும் அதையே படித்தாய். ஆராய்ச்சிக்கு நீ கடற்பஞ்சை எடுத்தபோது நான் வேண்டாம் என்றேன், நத்தை எடு, சங்கு எடு என்றேன். "உனுக்கு ஏம்மா பஞ்சு மேல இவ்ளோ காண்டு" என்று நீ சிரித்தாய். அந்தப் பெட்டியைத் திறந்த அன்று லேபில் என் மேஜைக்கு ஓடி வந்தாயே, அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை. "அம்மா, உள்ள லாந்தரு, வெளிய இஞ்சி. ரெண்டும் ஒரே ஒடம்புல. இந்த மாதிரி யாரும் பாத்ததே இல்லம்மா." யாரும் பார்க்காததற்குக் காரணம் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கல் தேய்ப்பது கேவலம் என்று நான் திட்டிய பிள்ளை, நான் தேய்த்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளுகிறானே என்று இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் நீ படம் அனுப்பியிருந்த ஜெர்மனி ஆராய்ச்சிக்கூடத்து அம்மையார் பதில் எழுதிவிட்டார், ஸ்லைடோடு இங்கேயே ஆராய்ச்சிக்கு வா என்று.

போன டிசம்பரில் தானே புயல் அடித்தபோது காடாம்புலியூரில் உன் அத்தைக்கு ஒரு முந்திரி மரம்கூட மிஞ்சவில்லை, நம் வீட்டுக் கூரை ஷீட்டும் பறந்தது. நான் முதலில் பரணில் ஏறி அந்த டப்பாவைத்தான் எடுத்தேன். மழையில் நனைந்துகொண்டு டப்பாவைக் கட்டிப் பிடித்திருந்தவளைப் பார்த்து, "நகையா?" என்று கேட்டார் உன் அப்பா. திறந்து காட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "வுடு. கல்லு வந்து சாட்சியா சொல்லப் போவுது" என்றார். அன்றிலிருந்து நாலைந்து மாசம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினேன்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாய். லத்தீன் பெயரை விரலால் தொட்டு, "படிம்மா" என்றாய். என் பெயர், பின்னால் ஒரு வால் சேர்த்து. படித்துவிட்டு நான் அழுதேன், நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். என்னைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்கி நீ பேசுனதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கலம்மா, அதுக்குத்தான் இது" என்றாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ மன்னித்ததே என் பொய்யின் மேல் நின்றுதான் மன்னித்திருக்கிறாய். அந்தக் காலைப் பொழுதில் பாழாய்ப் போன கல்லுக்கு, அந்தக் காலைப் பொழுதுக்காக என் பெயர். வேறு எந்தக் கல்லாக இருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. நல்லவள் மாதிரி எழுதிக்கொள்ள விரும்பவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கல்லைப் பார்த்துத்தான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள். இல்லையென்று தெரிந்தால் அந்த இடம் போய்விடலாம். விசாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கிறவனுக்கு இதை எழுதுகிறேனே என்று மூன்று தரம் பேனாவை மூடினேன். ஆனால் அங்கே போய் நீ அந்த ஸ்லைடை மேஜையில் வைத்து, பெரிய பெரிய மனிதர்கள் குனிந்து பார்த்து, ஒருவர் நிமிர்ந்து, "இவை இரண்டும் ஒரே கல்தானா" என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? ஆமாம் என்று சொல்வாய். என்னை நம்பிச் சொல்வாய். அந்த ஆமாம் உன் வாயிலிருந்து வரக்கூடாது. இடம் போனால் இன்னொன்று தேடலாம், நீ தேடிக்கொள்வாய்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அம்மா என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கையிலும் ஒரு நாள் ஏதாவது வீணாகும். அன்றைக்கு அந்த வெறும் கண்ணாடியைத் தூக்கி எறியாதே. வீணானது என்று எழுதி, நம்பர் போட்டு, பெட்டியில் அதன் இடத்திலேயே வை. நான் அதை மட்டும் செய்திருந்தால் இந்த ஆறு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னொன்று, உனக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்கள் மேல் கோபம் வந்தால், கோபத்தோடு வேலையில் கை வைக்காதே. கோபத்தோடு பேசவும் பேசாதே. இரண்டிலும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

கரண்ட் போய்விட்டது. இந்த வருஷம் எப்போது வரும் எப்போது போகும் என்று கணக்கே இல்லை. ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். டப்பா மடியில் இருக்கிறது. மிச்சக் கல்லின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தளவுக்கு மேல்தோல் இருக்கிறது. அன்றைக்குச் சுண்ணாம்பு படிந்து மூடியிருந்ததால் கண்ணில் படவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கழுவியபோதுதான் பார்த்தேன். லென்ஸ் வைத்து எத்தனையோ முறை பார்த்தாயிற்று, அறுக்காமல் ஒன்றும் தெரியாது. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் பதினேழு. முன்பே பெயர் வைத்த இனமாக இருக்கலாம், புதிதாகவும் இருக்கலாம். புதிதாக இருந்தாலும் என் பெயர் வேண்டாம். அந்தக் கிணறு இருக்கிற ஊரின் பெயரை வை.

நானே இன்று அறுத்து உன் கையில் கொடுத்திருக்கலாம். எடுத்தேன், பையில்கூடப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்தக் கல்லை இன்னொரு முறை தனியாகத் தேய்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் தனியாகத் தேய்த்துக் கொடுத்தால் நீ நம்பவும் கூடாது. நீ சனிக்கிழமை காலையில்தானே வருகிறாய், வீட்டுக்கு வராதே. நேராகச் சிதம்பரத்தில் இறங்கு. கரண்ட் இருக்கிற நேரத்தில் அறுத்துவிடலாம், தேய்க்கக் கரண்ட் வேண்டாம். நான் டப்பாவோடு லேபில் இருப்பேன். கோபம் இருந்தால் பேசாமலே வா, பக்கத்தில் மட்டும் நில். தேய்க்கிறது நான் தேய்க்கிறேன், என் கைக்கு அது தெரியும். பார்க்கிறது நீ பார். இந்த முறை செபத்தை எண்ண மாட்டேன். நீ "போதும்மா" என்று சொல். ஒரு தடவை சொன்னால் போதும், கையை எடுத்துவிடுகிறேன்.

அம்மா